அப்பாவின் மடக்குக் கத்திக்குப் புதுப் பட்டை

“ஏம்மிணி, நோட்டுல கோடு கிழிக்கறவளுக்கு இரும்போட கொணம் எப்புடித் தெரியும்?”

சேலத்திலிருந்து கடிதம் வந்த அன்று அப்பா கேட்டது இது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தொட்டியடிக்குக் கை கழுவப் போய்விட்டார். கடிதம் என் கையிலேயே இருந்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் இயந்திர வரைவாளர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. கூடவே நிரப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு பாரம். அதில் ‘தந்தை அல்லது பாதுகாவலர்’ என்ற இடத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். இருபத்தைந்து நாட்களுக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ரிவிட் அடிப்பவர். பின்னால் ஒருவர் கனத்த இரும்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, முன்னாலிருந்து அப்பா அடிப்பார். நாலு அடியில் ஆணியின் வால் உருண்டு பொத்தான் போல உட்கார்ந்துவிடும். ஐந்தாவது அடி அவருக்குத் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. “ஆடுனா அது ரிவிட்டில்ல” என்பார். அவர் அடித்த பாடிகள் கல்கத்தா வரைக்கும் போய்த் திரும்பி வரும்போது பலகை தேய்ந்திருக்கும், பெயிண்ட் உதிர்ந்திருக்கும், ரிவிட் மட்டும் அடித்த இடத்தில் இருக்கும்.

அவருக்கு நான் டீச்சராக வேண்டும். அதில் அவர் தெளிவாக இருந்தார். “ஒரு கொடை, ஒரு கைப்பை. பத்து மணிக்குப் போனா நாலு மணிக்கு ஊடு. வெய்யல்ல நிக்க வேண்டாம், கையில காய்ப்பு வராது. இரும்போட மாரடிக்க நான் ஒருத்தன் போதும் சாமி.”

எங்கள் குடும்பத்தில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்த முதல் ஆள் நான். பிளஸ் டூ வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் சந்தில் அதை முடித்தவள் நான் ஒருத்திதான். யாருக்குத் தபால் வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் எடுத்துவருவார்கள். லாரி பெர்மிட், கோர்ட் நோட்டீஸ், மிலிட்டரியிலிருந்து வரும் கடிதம் எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் எனக்கு வந்த தபாலை நானே படித்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதுதான் பொறுக்கவில்லை.

பாரத்தை அப்பா வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். “பாக்கலாம்” என்றார். அவர் பாக்கலாம் என்று சொல்லி நடந்த காரியம் எதுவும் என் நினைவில் இல்லை.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். வெங்காயம் உரித்து முடித்துவிட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு பிடி உரித்தேன். சேலம் பஸ் எங்கள் சந்து முனையைக் கடக்கும்போது அடிக்கும் ஹாரன் எனக்குத் தனியாகத் தெரியும். ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒருமுறை எழுந்து நின்றேன். காலையில் எழுந்ததும் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிப்பது என் வேலை. கிழித்த தாள்களை அம்மா மிளகு, சீரகம் மடிக்க ஒரு கம்பியில் குத்தி வைப்பாள். அந்தக் கம்பி நிறைந்துகொண்டே வந்தது.

கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அப்போதுதான் அப்பாவின் மடக்குக் கத்தி கண்ணில் பட்டது.

அது எந்நேரமும் அவர் கால்சட்டைப் பையில் இருப்பது. கயிறு அறுக்க, தார்ப்பாய் கிழிக்க, பாக்கு வெட்ட, நகம் சீவ, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அலகு நல்ல எஃகு. கைப்பிடியின் இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பில் செய்த பட்டைகள் பதித்திருக்கும். ஒருநாள் பட்டறையில் கத்தி கீழே விழுந்து, அதன் மேல் லாரிச் சக்கரம் ஏறியது. அலகுக்கும் உள்ளே இருந்த பித்தளைத் தகடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, கொம்பு மட்டும் சில்லுசில்லாகப் போனது. அப்பா அதன் மேல் கரண்ட் வேலைக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்துக்கொண்டார். வெயிலில் டேப் இளகிப் பிசுபிசுக்கும். பையில் கிடக்கும் பீடித் தூளும் இரும்புத் தூளும் அதில் அப்பிக்கொள்ளும்.

“கத்தியக் குடுங்கப்பா. பட்டை மாத்தித் தாரேன்” என்றேன்.

“நீயா?”

“நாந்தானுங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டயா? உன்ற மக கொல்லுப் பட்டறை வெக்கறாளாமா.”

அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கீறல் விழுந்த முட்டைகளைத் தூக்குப்போசியிலிருந்து எடுத்து வைத்தபடியே சொன்னாள்: “வெச்சா வெச்சுட்டுப் போறா. சும்மா இருந்தா ஊட்டுக்கும் வாசலுக்கும் நடந்தே எனக்கு மண்டக்குடைச்சல் குடுக்கறா.”

“செரி, ஞாயித்துக்கெழமைக்குள்ள கைக்கு வந்துரோணும்” என்று அப்பா கத்தியை என்னிடம் போட்டார்.

பொய் சொல்வானேன், கத்தியின் மேல் எனக்கு அக்கறை ஒன்றும் இல்லை. அப்பா கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல விருப்பமில்லாமல்தான் அதை வாங்கினேன்.

டேப்பை உரித்து மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். கொம்புப் பட்டைகளைப் பிடித்திருந்த ஆணிகளின் ஒரு பக்கத் தலையை அரத்தால் ராவி, அந்தப் பக்கமிருந்தே தட்டி வெளியே எடுத்தேன். அலகு திரும்பும் நடு ஆணியும் பட்டையோடு சேர்த்து அடிக்கப்பட்டது என்பதால் அதையும் எடுக்க வேண்டியிருந்தது. கத்தி மொத்தமும் பிரிந்து ஒரு தட்டில் கிடந்தது. இரண்டு பித்தளைத் தகடு, முதுகில் அழுத்திப் பிடிக்கும் ஒரு வில் இரும்பு, அலகு. பிரித்த பிறகு கொஞ்ச நேரம் பயமாக இருந்தது. நோட்டில் ஒவ்வொன்றையும் வரைந்து, எது எதன் மேல் வரும் என்று எண் போட்டுக்கொண்டேன்.

பட்டைக்கு எதைப் போடுவது என்று யோசித்தேன். மரம் மழையில் ஊதும். பட்டறையின் குப்பையில் மீந்த சன்மைக்கா கிடந்தது. அது காகிதம் போல மெல்லிசு. லாரிக்கு வயரிங் செய்பவர்கள் சுவிட்ச் பதிக்கும் பழுப்பு நிற பேக்லைட் தகட்டை வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கால் அங்குலம் கனம். அதில் நாலைந்து துண்டு எடுத்து வந்தேன்.

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் அட்டையைப் பித்தளைத் தகட்டின் அளவுக்கு வெட்டி மாதிரி செய்தேன். அதை பேக்லைட்டின் மேல் வைத்துக் கோடு போட்டேன். ரம்ப பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு அறுத்தேன். பேக்லைட்டை அறுக்கும்போதும் ராவும்போதும் ஒரு வாடை வரும், ஆஸ்பத்திரித் தரையின் வாடை. தூள் மூக்கில் ஏறிச் சோறு கூட அந்த வாடையாகவே இருந்தது.

முதல் ஜோடி வீணானது. அவசரம்தான் காரணம். அப்பாவின் கை டிரில்லை வைத்து ஓட்டை போடும்போது, இன்னும் எவ்வளவு நேரம் என்று சுற்றுவதை வேகமாக்கி மேலிருந்து அழுத்தினேன். அடிப்பக்கம் நாணயம் அளவுக்குப் பெயர்ந்து போனது. இரண்டாவது ஜோடிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை முட்டுக்கொடுத்து, மெதுவாகச் சுற்றினேன். மெதுவாகச் செய்வது எனக்கு வேலையை விடக் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமைக்குள் இரண்டு பட்டையும் ஓரம் உருண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புளியங்கொட்டை போல மினுமினுத்தன. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வெட்டிப் பட்டைகளுக்கு ஆணியாகச் செருகினேன். நடுவுக்குத் தடித்த கம்பி ஆணி ஒன்றை அளவு பார்த்து வெட்டினேன். அடிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஞாயிறு காலை அப்பா வந்து பார்த்தார். பட்டைகளை விரலால் தடவினார். சுத்தியலை நான் எடுப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

“நவுரு. ரிவிட் அடிக்கறது என்ற வேல.”

“நானே அடிக்கறனுங்கப்பா.”

“நீ அடிச்சா ஆடும் சாமி. அக்கட்டால நவுரு.”

நகர்ந்தேன். அம்மிக் கல்லின் மேல் வைத்து அடித்தார். பட்டையின் ஆணி ஒவ்வொன்றுக்கும் மூன்று அடி. சின்னச் சுத்தியலில் அவ்வளவு மென்மையாக அடிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது, பேக்லைட்டில் ஒரு கீறல் விழவில்லை. நடு ஆணிக்கு நாலு அடி. இரு பக்கமும் மிளகு போல இரண்டு உருண்டைத் தலைகள் நின்றன. அவ்வளவு அழகான ரிவிட்டை நான் பார்த்ததில்லை.

அலகைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை.

கட்டை விரல் நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து இழுத்தார். நகம்தான் வளைந்தது. பல்லால் இழுத்தார். “புதுசு. பழகப் பழக எளகும்” என்றார். எண்ணெய் விட்டார். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தார். கத்தி ஒரே இரும்புத் துண்டு போல இருந்தது.

“இறுக்கமா அடிச்சுட்டீங்கப்பா. நடுவால கொஞ்சம் எடம் உடோணும்.”

“ரிவிட்டுக்கு எடம் உடறதா? யாரு சொன்னது, உன்ற புஸ்தகமா?”

திங்கட்கிழமை அதைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். வைஸ் இடுக்கியில் கடித்துத் திறந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். மாலையில் வரும்போது முகம் சரியில்லை. கத்தியை மாடத்தில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “ரிவிட்டுக்காரரு கத்தி செஞ்சா தொறக்கவே தொறக்காதாமா, அதையும் லாரியில வெச்சு அடிச்சுப்போடலாம்கறானுங்க பட்டறைப் பசங்க. பாடிக்கு ஒரு ஆணி மிச்சமாமா.” அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பட்டை கெட்டுப்போனதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள் என்று பட்டது. கத்தி திறக்கவில்லை என்றால் பட்டறையில் யார் பட்டையைப் பார்க்கப் போகிறார்கள்? ‘கோடு கிழிக்கறவ’ செய்தது என்று ஆகிவிடும். பாரம் முருகனுக்குப் பின்னாலேயே கிடக்கும். பதினொரு நாள்தான் பாக்கி இருந்தது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சரியாக உட்காராத ரிவிட்டைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார்கள். வட்டத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அதை அறுத்து எடுப்பவர், அடித்தவராகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் அடித்ததை அவரைக் கேட்காமல் இன்னொருவர் அறுத்துவிட்டால், அடித்தவர் அன்றோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறை பார்க்கலாம். அவ்வளவு பெரிய அவமானம் அது. அப்பாவின் ரிவிட்டுக்கு யாரும் வட்டம் போட்டதில்லை.

அன்று இரவுச் சோறு ஆனதும் நான் சாக்பீஸை எடுத்து நடு ஆணியின் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கத்தியை மாடத்தில் வைத்தேன்.

காலையில் பார்த்தபோது வட்டம் இல்லை. கட்டை விரலால் துடைத்த தடம் மட்டும் பேக்லைட்டில் வெள்ளையாக இருந்தது. கத்தி வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாளும் போட்டேன். மறுநாளும் துடைத்திருந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சோறு போடும்போது, தண்ணீர் கொடுக்கும்போது, எல்லாம் வழக்கம் போலப் பேசிக்கொண்டோம். மூன்றாவது நாள் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். துடைத்துவிட்டு, கத்தியைத் திருப்பி வைத்திருந்தார்.

நாலாவது நாள், வியாழக்கிழமை, அவர் பட்டறைக்குப் போனதும் அரத்தை எடுத்தேன்.

ராவ ராவ அந்த மிளகுத் தலை தட்டையானது. நான் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் தலை போனதும் அதன் மேல் வேறொரு ஆணியை வைத்துத் தட்டினேன். அப்பா அடித்தது சும்மா வருமா? இருபது தட்டு, முப்பது தட்டு. கடைசியில் நடு ஆணி வெளியே குதித்தது. மறுபக்கத் தலை அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது, குட்டிக் காளான் மாதிரி.

அம்மா பண்ணையிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அட கெரகமே! அவுரு அடிச்சத அறுத்துப்போட்டயா?”

“மூணு நாளு வட்டம் போட்டு வெச்சனுங்கம்மா. அவரு எடுக்கல.”

“பொங்கப்பானைய ஒடச்சிருந்தாக்கூட அந்த மனுசன் சும்மா இருப்பாரு. போயும் போயும் அதப் போயி…” தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு ஆணியை எடுத்துப் பார்த்தாள். “இப்ப இத ஒட்ட வெக்க முடியாதா?”

“முடியாதுங்கம்மா.”

அப்பா வந்தார். தட்டில் பிரிந்து கிடந்த கத்தியைப் பார்த்தார். வெட்டுப்பட்ட ஆணியை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நிறைய வைத்திருந்தேன். நான் கரண்டியோடு எதிரில் நிற்கிறேன், அவர் அடுப்படியில் இருந்த அம்மாவிடம், “சோத்தப் போடச் சொல்லு” என்றார். நான் போட்டேன். “போதும்னு சொல்லு” என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு வரும் சொற்கள் எல்லாம் அம்மா வழியாகத்தான் வந்தன. “மொளகாயெல்லாம் எடுத்து உள்ள வெக்கச் சொல்லு.” “வெளக்கு எதுக்கு எரியுதுன்னு கேளு.” அம்மா முதல் இரண்டு நாள் அப்படியே திருப்பிச் சொன்னாள். மூன்றாம் நாள், “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது, எனக்குத்தான் வாயி வலிக்குது” என்று கிளம்பிப் போய்விட்டாள்.

நான் கத்தியை விடவில்லை. விட்டிருந்தால் அறுத்தது வெறும் திமிராக மட்டும் நின்றிருக்கும்.

முதலில் மெதுவாக அடித்துப் பார்த்தேன். அலகு திறந்தது, ஆனால் பல் ஆடுவது போல இரு பக்கமும் ஆடியது. மூடும்போது நுனி பித்தளையில் உரசியது. அதை அறுத்தேன். இரண்டாவது ஆணிக்கு ஒரு அடி கூடப் போட்டேன். இறுகிவிட்டது. அதையும் அறுத்தேன். ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் நடுவில்தான் நான் தேடும் இடம் இருக்கிறது என்று தெரிந்தது. அதைக் கையால் பிடிக்க எனக்கு அப்பாவின் கை இல்லை. அவர் கைக்கும் அது தெரியாது. அது இடம் விடாமல் அடிக்கவே முப்பது வருடம் பழகிய கை.

அப்படியானால் அந்த இடத்தை முன்னாலேயே வைத்துவிட வேண்டும். அலகுக்கும் தகடுக்கும் நடுவில் எதையாவது செருகி, அதன் மேல் எவ்வளவு இறுக்க முடியுமோ இறுக்கி அடித்துவிட்டு, பிறகு அதை உருவிவிட்டால்? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து மிளகுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தோன்றியது. பொட்டலம் காலண்டர் தாள்.

அம்மாவின் கம்பியிலிருந்து நூறு தாளை எண்ணி உருவினேன். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த ஸ்கேலால் அளந்தேன். ஐந்து மில்லிமீட்டர். ஒரு தாள் என்றால் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. போஸ்ட் கார்டை அதே மாதிரி அளந்தால் கால் மில்லிமீட்டர் வந்தது. ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் அது அதிகம் என்று பட்டாலும் முதலில் போஸ்ட் கார்டையே போட்டுப் பார்த்தேன். ஆடியது. ஆணியை அறுத்தேன். அப்பாவுடையதையும் சேர்த்து அது நாலாவது ஆணி.

பிறகு காலண்டர் தாளில் இரண்டு சின்னத் துண்டு வெட்டி, நடு ஆணியைக் கவ்வும்படி பிளவு கொடுத்து, எண்ணெயில் தோய்த்து, அலகின் ஒவ்வொரு பக்கமும் ஒன்று வைத்தேன். ஆணியைச் செருகி அம்மிக் கல்லில் வைத்து அடித்தேன். இந்த முறை பயப்படாமல் அடித்தேன். இனி நகராது என்று தோன்றும் வரை அடித்தேன். என் ரிவிட்டின் தலை கோணல். அப்பாவுடையதோடு வைத்தால் சிரிப்பார்கள். அலகை அசைத்து அசைத்துத் தாளை உருவினேன். ஒன்று முழுதாக வந்தது. இன்னொன்று கிழிந்து, மீதியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது.

நகத்தால் இழுத்தேன். அலகு எழுந்து வந்து, ‘டக்’ என்று நின்றது. பக்கவாட்டில் அசைத்தேன், ஆடவில்லை. மூடினேன், திறந்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. விரல் நுனியில் சின்ன வெட்டு விழுந்த பிறகுதான் நிறுத்தினேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. கத்தியைத் துடைத்து மாடத்தில் வைத்தேன். அப்பா வந்தார், சாப்பிட்டார், படுத்தார். மாடத்தின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. புதனும் அப்படியே போனது. வியாழக்கிழமை காலை பட்டறைக்குக் கிளம்பும்போது, அவருக்கு அங்கே கத்தி வேண்டும் என்று எனக்குத் தெரியும், அம்மாவிடம் காய் நறுக்கும் கத்தியைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பாரத்துக்குக் கடைசி நாள் மறுநாள்.

வாசலில் நின்றேன். சேலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இன்னும் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. கத்தி திறந்தால் அப்பாவின் வாயும் திறக்கும் என்று நானாகக் கணக்குப் போட்டிருந்தேன். அப்படி யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

உள்ளே போய் முருகன் படத்தைச் சாய்த்துப் பாரத்தை எடுத்தேன். அம்மா பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதுல உங்க பேருக்கும் எடம் இருக்குதுங்க.”

“என்ற பேரா? அங்க என்ன எழுதியிருக்குது?”

“தந்தை அல்லது பாதுகாவலர். அப்பா, இல்லீன்னா நம்மளக் காப்பாத்தி வெக்கறவங்க.”

அம்மா அந்த வரியையே பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்தாள்.

“அவுருகிட்ட யாரு சொல்றது?”

“நானே சொல்லிக்கறனுங்க.”

“சொல்றதுன்னா நேரா நின்னு சொல்லோணும். என்ற வழியா சொல்லி உடக் கூடாது. உங்க ரெண்டு பேருத்துக்கும் நடுவால நின்னு எனக்குப் போதும்” என்று இடது கையை நீட்டினாள். என் பேனா மையைத் துணியில் நனைத்து அவள் கட்டை விரலில் தடவி, பாரத்தில் வைத்து அழுத்தினேன். முட்டைக் கூடை சுமந்து காய்த்த விரல். ரேகை பாதிதான் விழுந்தது. இரண்டாம் முறை விரலை உருட்டி எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை, அப்பா போன பிறகு, பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டும் வரை உட்காராமல் நின்றுகொண்டே போனேன், இடம் இருந்தும். பயிற்சி நிலைய அலுவலகத்தில் இருந்தவர் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்பா இல்லீங்களாம்மா?”

“இருக்காருங்க.”

“அப்புறம் இது யாரு கைநாட்டு?”

“அது எங்கம்மாங்க சார். பாதுகாவலருன்னு போட்டிருக்குதுங்களே.”

அவர் என்னை ஒருமுறையும் ரேகையை ஒருமுறையும் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. அப்பா சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். உள்ளே நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. ‘டக்’. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘டக்’. கட்டிலில் உட்கார்ந்து கத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அலகுக்கும் தகடுக்கும் நடுவில் பார்த்தார்.

“எத்தன வெச்ச நடுவால?” நேராக என்னைத்தான் கேட்டார்.

“பக்கத்துக்கு ஒரு காலண்டர் தாளுங்கப்பா. அடிச்சுட்டு உருவிட்டனுங்க.”

“ஒண்ணுதானா?”

“ஒண்ணுதானுங்க.”

என் கோணல் தலையை நகத்தால் தடவினார். “அடி சுத்தமில்ல” என்றார். “ஆனா ஆடல.”

திறந்தார். மூடினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“செரி. அந்தப் பாரத்த எடுத்துட்டு வா. எங்க போடோணும்னு காட்டு” என்றார்.

அவர் சொன்ன அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நேராக நின்றேன்.

“இல்லீங்கப்பா. இன்னிக்குக் காத்தாலயே சேலத்துல குடுத்துட்டு வந்துட்டனுங்க. அம்மா கைநாட்டு வெச்சாங்க. திங்கக்கெழமை ஆறே முக்கா பஸ்ஸுக்குப் போகோணும், பஸ் பாஸுக்குப் போட்டோகூட எடுத்தாச்சுங்க.”